மேசைக்கடியில் பதுங்கியவர்களும் கதவைப் பூட்டிக்கொள்பவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச்சூடு நடக்கும்போதெல்லாம், "அந்தக் காலத்தில் அணுகுண்டுக்குப் பயந்து மேசைக்கடியில் பதுங்கிய பிள்ளைகள் நன்றாகத்தானே வளர்ந்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் மனத்திடம் போதவில்லை" என்ற பேச்சு வாசகர் பகுதிகளில் எழுகிறது. திடத்தை எடை போடுவதற்கு முன், அந்த ஒத்திகையில் என்ன செய்தார்கள், இதில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. அதன்பின் அமெரிக்கப் பள்ளிகளில் அணுகுண்டு ஒத்திகை வந்தது. நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர் பொறித்த உலோக வில்லைகள்கூடத் தரப்பட்டன. குண்டு விழுந்தபின் உடலை அடையாளம் காண்பதற்கு. ஒளி தெரிந்தால் சன்னலுக்கு முதுகைக் காட்டி மேசைக்கடியில் புகு, முகத்தைக் கவிழ்த்துக்கொள், கைகளால் பின்கழுத்தை மூடு. ஒத்திகை அவ்வளவுதான். இதைக் கேலி செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. குண்டு விழும் இடத்துக்கு அருகே மேசை எதற்கும் உதவாது என்பது சரி. ஆனால் சில கிலோமீட்டர் தள்ளியிருப்பவரைக் காயப்படுத்துவதில் பெரும்பங்கு சன்னல் கண்ணாடிக்கு. ஒளி முதலில் வரும், அதிர்வலை பிந்தி வரும். அந்த இடைவெளியில் சன்னலருகே போய் வேடிக்கை பார்ப்பவர்தான் மாட்டுவார். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது ஏறத்தாழ 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடியால். நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர் தம் 44 பிள்ளைகளையும் மேசைக்கடியில் போகச் சொன்னார். பிள்ளைகள் ஒருவருக்கும் வெட்டுக்காயம் இல்லை. நின்றுகொண்டிருந்த ஆசிரியைக்குத்தான் கையில் ஆழமான காயம்.

துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் வந்தால் வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு ஒளிவதற்கான இப்போதைய லாக்டவுன் ஒத்திகை வேறு மாதிரி. கதவைப் பூட்டு, விளக்கை அணை, கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில் உட்கார், கைப்பேசியை ஒலியில்லாமல் வை, யார் தட்டினாலும் திறக்காதே. நிலைமை சரியானதும் காவலரோ பள்ளி நிர்வாகமோ சாவியோடு வந்து வெளியிலிருந்து திறக்கும். இந்த வரிசையில் உயிரைக் காப்பது முதல் படிதான்; சொதப்புவதும் அங்கேதான். பழைய வகுப்பறைப் பூட்டுகளைப் பூட்ட, ஆசிரியர் நடைபாதைக்கு வந்து வெளிப்பக்கத்தில் சாவி போட வேண்டும். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பலியான சாண்டி ஹூக் பள்ளியில் (2012) அப்படித்தான் இருந்தது. பத்தாண்டு கழித்து 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட டெக்சாஸ் மாநில யுவால்டே பள்ளியிலும் வகுப்பறைக் கதவுகளை வெளியிலிருந்துதான் சாவி போட்டுப் பூட்ட முடிந்தது. உள்ளிருந்தே பூட்டலாம், ஆனால் உள்பக்கக் கைப்பிடியை ஒரு முறை அழுத்தினால் திறந்துவிடும் என்ற வகைப் பூட்டு கடையில் கிடைக்கிற பொருள்தான். அதை மாற்றாமல் ஒத்திகையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதை எப்படிப் புரிந்துகொள்வது?

2018இல் 17 பேர் இறந்த பார்க்லேண்ட் பள்ளியில், சுட்டவன் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையவில்லை. நடைபாதையில் நின்று கதவுக் கண்ணாடி வழியே சுட்டான். கண்ணாடியிலிருந்து பார்வை படாத மூலை சில அறைகளில் எல்லாருக்கும் போதவில்லை; மேசையும் அலமாரியும் அந்த இடத்தை அடைத்திருந்தன. இன்னொன்றும் நடந்தது. துப்பாக்கி அதிர்வில் கூரைத் தூசு கிளம்பித் தீ எச்சரிக்கை மணி அடித்தது. அன்று காலைதான் தீ ஒத்திகை முடிந்திருந்தது. மணி கேட்டு மூன்றாம் தளத்தில் பலர் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள்; அந்தத் தளத்தில் 6 பேர் இறந்தார்கள். தீ என்றால் வெளியே ஓடு, துப்பாக்கி என்றால் உள்ளே இரு: ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கட்டளைகளை ஒரே பிள்ளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தலைமுறை வேறுபாடு என்று நான் நினைப்பது இது. 1950களின் பகைவன் கடல் தாண்டி இருந்தான். மேசைக்கடியில் பக்கத்தில் பதுங்கியவன் கூட்டாளி. அந்த ஒத்திகை எந்த அமெரிக்கப் பள்ளியிலும் மெய்யாகவில்லை. இன்றைய ஒத்திகையோ எங்கெங்கே மெய்யானது என்று பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரோடு தெரியும். கொலம்பைன் பள்ளியில் (1999) சுட்டவர்கள் அதே பள்ளி மாணவர்கள். பார்க்லேண்டில் சுட்டவன் முன்னாள் மாணவன். பூட்டிய கதவைத் தட்டுவது யாரானாலும் திறக்காதே என்று ஆறு வயதில் கற்கிற பிள்ளை, சக மாணவனைச் சந்தேகிக்கவும் சேர்த்தே கற்கிறது. பியூ ஆய்வு மையம் 2018இல் கேட்டபோது, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 57 சதவீதம் பேர் தங்கள் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடக்கலாம் என்று கவலைப்படுவதாகச் சொன்னார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பழைய தலைமுறையின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1952இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்கு இளம்பிள்ளைவாதம். 3,000க்கு மேல் மரணம். 1958 டிசம்பரில் சிகாகோவின் ஒரே பள்ளித் தீயில் 92 பிள்ளைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். ஆனால் அந்த ஆபத்துகளுக்குத் தடுப்பூசி வந்தது, தீத்தடுப்புக் கதவு வந்தது. துப்பாக்கி விஷயத்தில் போக்கு தலைகீழ்: 2020இல் வாகன விபத்தைத் தாண்டி, 1 முதல் 19 வயதுக்குட்பட்டோரின் மரணத்துக்கு முதல் காரணமானது. இதில் பள்ளிக்குள் நடப்பது சிறு பகுதியே. பள்ளி வயதினர் கொலைகளில் 3 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை வீட்டிலும் தெருவிலும் நடப்பவை. வீட்டுத் துப்பாக்கியைக் குண்டில்லாமல் பூட்டி, குண்டை வேறிடத்தில் பூட்டினால் பல உயிர் தப்பும். அதற்கு யாரும் ஒத்திகை வைப்பதில்லை.

ஒத்திகை என்ற பெயரில் நடக்கும் கூத்துக்கு ஒரு சான்று. 2019இல் இந்தியானா மாநிலத்தில் பயிற்சிக்கு வந்த காவலர்கள் ஆசிரியைகளையே மண்டியிட வைத்து பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டார்கள். மறுஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு, போலி ரத்தமும் வெடிச்சத்தமும் கொண்ட ஒத்திகைகள் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. முன்கூட்டிச் சொல்லி, அமைதியாக, சில நிமிடங்களில் முடிப்பதே போதும்.

நம் ஊர்ப் பள்ளிகள் சிலவும் இந்த லாக்டவுன் ஒத்திகையை இறக்குமதி செய்யலாமா என்று யோசிப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தது தீயில். குறுகிய படிக்கட்டில், கூரை எரிந்து மேலே விழ. இங்கே பூட்டிப் பழக்குவதைவிடத் திறந்து வெளியேறப் பழக்குவதுதான் அவசரம். வகுப்பு நடக்கும் நேரத்தில் படிக்கட்டு மடக்கு கேட்டுக்குப் பூட்டு போடக்கூடாது. சன்னல் கம்பிகளில் தளத்துக்கு ஒன்றாவது உள்ளிருந்து திறப்பதாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்ததுபோல வெடிகுண்டு மின்னஞ்சல் வந்தாலும் செய்ய வேண்டியது வெளியேற்றம்தான்: பைகளைத் தொடாமல் வரிசையாக மைதானத்துக்குப் போய், வகுப்புவாரியாக வருகைப்பதிவேட்டோடு தலை எண்ண வேண்டும். பெற்றோர் வந்து சேரும் இடத்தை முன்வாசலிலிருந்து தள்ளி இப்போதே குறித்துவிடுவது நல்லது. பதற்றத்தில் எல்லாரும் வாசலில் திரண்டால் காவல்துறை வண்டியும் தீயணைப்பு வண்டியும் உள்ளே நுழைய வழி இருக்காது.

இப்படிக்கு,
பள்ளிக் கட்டடப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்,
திருச்சிராப்பள்ளி