உன் இளவரசன் யாரிடம் அனுமதி கேட்பான்?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் நாவலை முழுக்கப் படித்துவிட்டேன். அந்த நர்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டாள். இரவு டியூட்டி முடித்த எரிச்சலோடு இளவரசனிடம் வெடுக்கென்று பேசுகிறாளே, அங்கெல்லாம் நீ நன்றாக எழுதுகிறாய். காதல் காட்சிகளைப் பற்றி அம்மாவிடம் கருத்துக் கேட்காதே. நன்றாகத்தான் இருக்கின்றன, அதோடு விடு.

எனக்கு இடறியது இளவரசன் பக்கம்தான். ராணி முறைக்கிறாள், ஒரு அத்தியாயம் முழுக்க அழுகை, அடுத்ததில் அதே ராணி மனம் இளகுகிறாள், கல்யாணம். ராணி மனசு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் இது மாமியார் கதைதானே, அரண்மனை எதற்கு? இந்தக் காலத்து அரச குடும்பங்களில் தடை சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. உன் கதை அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரிட்டனைப் பார். 1772-இல் போட்ட சட்டப்படி, இரண்டாம் ஜார்ஜின் வழிவந்தவர்களில் பெரும்பாலோர் மன்னரின் சம்மதம் வாங்கித்தான் மணமுடிக்க வேண்டியிருந்தது. 2015-இல் அது போய், இப்போது வாரிசு வரிசையில் முதல் ஆறு பேருக்கு மட்டும்தான் அந்தக் கட்டாயம். அவர்கள் கேட்காமல் கட்டிக்கொண்டால் அரியணை உரிமை போய்விடும். உன் இளவரசனை ஏன் பட்டத்துக்கு நேர் வாரிசாக வைத்தாய்? ஆறாவது இடத்தில் வை. அண்ணனுக்கு ஒரு குழந்தை பிறந்தால் இவன் ஏழாவது, யாரிடமும் கேட்க வேண்டாம். அண்ணியின் பிரசவ வலிக்காக ஒரு காதல் ஜோடி நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! நாயகி நர்ஸ் வேறு. சிரிப்பும் வரும், பதைப்பும் வரும்.

நெதர்லாந்தில் நாடாளுமன்றமே ஒப்புதல் தர வேண்டும். இளவரசர் ஃபிரிசோ 2004-இல் அந்த ஒப்புதல் இல்லாமலே மணந்தார், வரிசையில் இருந்த இடத்தை இழந்தார். நார்வேயின் ஹரால்டு வேறு மாதிரி. துணிக்கடைக்காரரின் மகள் சோன்யாவை 1959-இல் சந்தித்தவர், கட்டினால் அவளைத்தான், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஒரே மகன், பட்டத்து இளவரசர், கல்யாணம் செய்யாவிட்டால் வம்சத்தின் கதி என்ன? மன்னர் ஓலாவ் அரசாங்கத்தோடும் கலந்து பேசி இறங்கி வந்தபோது 1968 ஆகிவிட்டது. ஒன்பது வருஷம்! உன் இளவரசன் மூன்று வாரம்கூடப் பொறுக்கவில்லையே.

ஜப்பானில் கணக்கே வேறு. அரச குடும்பத்துப் பெண் சாதாரணக் குடிமகனை மணந்தால் அரச அந்தஸ்து போய்விடும், ஆண்களுக்கு அப்படி இல்லை. 2021-இல் இளவரசி மாகோ கல்லூரித் தோழரை மணந்தபோது, வெளியேறுபவர்களுக்கு அரசு தரும் தொகையையும் வேண்டாம் என்றுவிட்டு நியூயார்க் போய்விட்டார். அவர் எதை விட்டுப் போனார் என்பதைவிட, போனதில் ஒரு நிம்மதி இருந்திருக்குமோ என்றுதான் எனக்கு யோசனை. நாவலாசிரியை நீ, நீதான் சொல்ல வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று. இளவரசன் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஊருக்குள் சுற்றுகிறான், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோர் கையிலும் கேமரா இருக்கிற காலத்திலா? முதல் வாரமே யாராவது படமெடுத்துப் போடட்டும். அதுவரை அவன் யாரென்று அவளிடம் சொல்லாமலிருந்தால், அந்தச் சண்டை இன்னும் சூடாக இருக்கும்.

கடைசி அத்தியாயத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே ராஜினாமா கடிதம் எழுதுகிறாள். ஏண்டி, பத்து அத்தியாயமாக அந்த வேலையை அவ்வளவு நேசித்தவள் அல்லவா? ஜப்பானின் மசாகோ வெளியுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 1993-இல் அந்த வேலையை விட்டுப் பட்டத்து இளவரசரை மணந்தார். 2004-இல் அவருக்கு மன அழுத்தம் சார்ந்த சிக்கல் என்று அரண்மனையே அறிவித்தது. ராஜினாமா செய்வதென்றால் அவள் செய்யட்டும், ஆனால் அந்தக் கடிதத்தை எழுத அவளுக்கு ஒரு இரவாவது ஆகட்டும். இல்லையென்றால் இளவரசன் வரிசையிலிருந்து விலகி, அவளுடைய நைட் டியூட்டி நேரத்துக்கு ஏற்பத் தூங்கப் பழகட்டும். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

எழுத்துப்பிழைகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா