கூப்பிட்டவர் லைனில் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்கு வரும் விளம்பர அழைப்புகளைப் பற்றிப் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்த வாசகர், ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று முடித்திருந்தார். அவர் வீட்டுக்கு அது சரிப்படும் போல. எங்கள் வீட்டில் நடக்காது. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி அம்மாவோடு பேசுவது அந்த லேண்ட்லைனில்தான். அம்மாவுக்கு 84 வயது. செல்போனைக் கையில் கொடுத்தால், "தொட்டாலே எங்கேயோ போயிடுதுடி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். தொலைபேசி நிலையத்தில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கொடுக்கிற கட்டணத்துக்கு ஏற்ற வரிசை. லைட்னிங் என்றால் சாவுச் செய்தியோ பெரிய இடத்து வியாபாரமோ, இரண்டில் ஒன்று என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். சரி, கதை வேண்டாம். அந்த வேலையில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. கூப்பிட்டவர் லைனில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள், அப்புறம் அடுத்தவர் வீட்டைக் கொடு. மணியடித்து ஒருவரை ஓடிவரச் செய்துவிட்டு, அவர் 'அலோ' என்னும்போது இந்தப் பக்கம் ஆளில்லை என்றால் சூப்பர்வைசர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். திரும்பிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். அம்மா உட்காரும் நாற்காலியிலிருந்து போனுக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு 14 அடி. நான் எண்ணியிருக்கிறேன். மணி அடித்ததும் முதலில் கண்ணாடியைத் தேடுவார், போனில் பேசக் கண்ணாடி எதற்கு என்று கேட்டால் கோபம் வரும். அப்புறம் வாக்கரை முன்னால் வைத்து, ஒரு அடி, நின்று, இன்னொரு அடி. நான் மாடியிலோ குளியலறையிலோ இருந்தால் "நானே எடுக்கிறேன்" என்று குரல் வேறு. போய் எடுத்து "அலோ" என்பார். பதில் இருக்காது. "அலோ, யாருப்பா, நீயா?" அதற்கும் சத்தமில்லை. ஆனால் லைன் செத்துப்போகவில்லை, லேசாக இரைச்சல் கேட்கும். ஐந்தாறு விநாடி கழித்து 'டொக்'.

இது ஏதோ ராங் நம்பர் என்று நமக்குத் தோன்றும். அம்மாவுக்கு அப்படித் தோன்றாது. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது, பேச முடியாமல் வைத்துவிட்டான் என்றுதான் நினைப்பார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டால்தான் ஆயிற்று என்று என்னைப் படுத்துவார். அங்கே நடுராத்திரி. இப்படி அவனை நான் மூன்று முறை எழுப்பியிருக்கிறேன்.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை என்பதால் எழுதுகிறேன். கால் சென்டரில் இப்போது பெரும்பாலும் ஆள் நம்பரைச் சுழற்றுவதில்லை. கம்ப்யூட்டர் சுழற்றுகிறது. பத்துப் பேர் வேலையில் இருந்தால் பத்து வீட்டுக்குப் போடாது, அதைவிட அதிகமாகப் போடும். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள் என்று அது கணக்கு வைத்திருக்கிறது. கணக்குத் தப்பி நிறையப் பேர் எடுத்துவிட்டால், பேச ஆள் மிச்சமில்லை. அப்போது மிச்சமாகும் வீடுகளுக்குக் கிடைப்பதுதான் இந்த மௌனம். அங்கே வேலை செய்பவர் ஒரு நிமிடம் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக இங்கே 84 வயதுக்காரர் 14 அடி நடக்கிறார்.

அமெரிக்காவில் இதற்கு விதி இருக்கிறது. எடுக்கப்பட்ட அழைப்புகளில் 100-க்கு 3-க்கு மேல் இப்படிக் கைவிடப்படக் கூடாது. எடுத்தவர் 'அலோ' சொன்ன 2 விநாடிக்குள் பேச ஆள் வர வேண்டும். எடுக்காவிட்டாலும் குறைந்தது 15 விநாடி அல்லது 4 முறை மணி அடிக்கும் வரை துண்டிக்கக் கூடாது. அம்மாவின் நடைக்கு 15 விநாடி போதாது என்பது வேறு விஷயம். போனுக்குப் பக்கத்தில் நூலில் கட்டி ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறேன், பழைய பழக்கம். இரண்டு மாதத்தில் 43 விளம்பர அழைப்புகள் எழுதியிருக்கிறேன். அதில் 18 ஊமை.

மிச்சம் 25-இல் கடன், காப்பீடு, மனை, கிரெடிட் கார்டு. ஒரு நாள் கடன் தருகிறேன் என்று பேசிய பெண்ணுக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். என் கோபத்தைக் கொட்ட வாயெடுத்தவள், அவள் தொண்டை கட்டியிருப்பதைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். நாள் முழுக்க ஹெட்செட் மாட்டியவளுக்கு அந்தக் குரல் தெரியும். "ஏம்மா, இந்த நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்றேன்.

"எனக்கு நம்பரே தெரியாது மேடம். கனெக்ட் ஆனதும் ஸ்கிரீன்ல பேர் மட்டும் வரும்."

"சரி, இனிமேல் வராமல் இருக்க நான் என்ன சொல்ல வேண்டும்?"

கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அப்புறம் பேசுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். அப்படிச் சொன்னா 'திரும்பக் கூப்பிடவும்'னு போடணும். அது மறுபடி தானா வந்துடும். வேண்டாம், இனிமே கூப்பிடாதீங்கன்னு தெளிவாச் சொல்லுங்க. அதுக்குத் தனி பட்டன் இருக்கு."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்ல நமக்கு வராது. "இப்போ கொஞ்சம் வேலையா இருக்கேன்", "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்றுதான் வாயில் வரும். மரியாதைக்குச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை அந்தக் கம்ப்யூட்டர் அழைப்பிதழாக எடுத்துக்கொள்கிறது. அன்றிலிருந்து நான் "வேண்டாம், கூப்பிடாதீர்கள்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறேன். பதிவு செய்த குரல் வந்து 9-ஐ அழுத்து என்றால் எதையும் அழுத்துவதில்லை, வைத்துவிடுகிறேன். போலீஸ், கூரியர் என்று மிரட்டுகிற அழைப்புகள் வேறு ரகம். அதில் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

புகார் கொடுக்கவில்லையா என்பீர்கள். 2007-இலிருந்தே நம் நாட்டில் 'எனக்கு விளம்பர அழைப்பு வேண்டாம்' என்று பதிவு செய்யும் வசதி இருக்கிறது. 1909-க்குப் போன் செய்தால் போதும், லேண்ட்லைனுக்கும் உண்டு. செய்தேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. விளம்பர அழைப்புக்கென்று 140-இல் தொடங்கும் எண் வரிசையே ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து விற்பனைக்குக் கூப்பிடக் கூடாது. என் நோட்டில் இருப்பவை பெரும்பாலும் அந்தச் சாதாரண எண்கள்தான். இவர்கள் மேல் 7 நாட்களுக்குள் புகார் செய்யலாம் என்று 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியது, முன்பு 3 நாள்தான். 1909-இல் முன்கூட்டிப் பதிவு செய்யாதவரும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம். கூப்பிட்டவரின் எண், தேதி, என்ன பேசினார் என்று சுருக்கமாக ஒரு வரி. நல்ல மாற்றம், மறுக்கவில்லை.

ஆனால் கூப்பிட்டவரின் எண் எங்கே? அம்மாவுக்குப் பழக்கமான எங்கள் பழைய போனில் எண் காட்டும் திரை கிடையாது. திரை உள்ள கருவியை வாங்கி, நிலையத்தில் சொல்லி அந்த வசதியையும் போட்டுக்கொண்ட பிறகுதான் என் நோட்டில் எண் என்ற பத்தியே வந்தது. அதற்கு முன் எழுதியதெல்லாம் தேதியும் நேரமும் மட்டும். புகாருக்கு உதவாது. புதுக் கருவியின் எழுத்துப் பொடிப்பொடியாக இருக்கிறது, அம்மாவால் படிக்க முடியாது. யார் பெயரில் இந்தப் பாதுகாப்பெல்லாம் வருகிறதோ, அவர்களில் பாதிப் பேரிடம் இப்படித்தான் ஒரு பழைய போன் இருக்கும்.

ஊமை அழைப்பு வந்தால் இன்னொரு சிக்கல். என்ன பேசினார் என்ற இடத்தில் என்ன எழுதுவது? "ஒன்றும் பேசவில்லை" என்று சொன்னேன். எதிர்முனையில் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாவம், அதை இரண்டு முறை திரும்பக் கேட்டார். விளம்பரம் என்று நிரூபிக்க விளம்பரம் செய்திருக்க வேண்டுமே!

அதனால் என் கோரிக்கை சின்னது. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. லேண்ட்லைன்காரர் தேதியும் நேரமும் சொன்னால் போதும், எண்ணை நிறுவனமே எடுத்துக்கொள்ளட்டும். ஊமை அழைப்பையும் பேசின அழைப்பைப் போலவே கணக்கில் சேர்க்கட்டும். உங்கள் நாளிதழும் ஒரு உதவி செய்யலாம்: 1909, 1930 இரண்டையும் எதற்கு எது என்ற குறிப்போடு பெரிய எழுத்தில் ஒரு நாள் போடுங்கள். வெட்டிப் போன் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு.

அம்மா இப்போது தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறார். 'அலோ' சொல்லிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணுவார், சத்தம் வராவிட்டால் வைத்துவிடுவார். என் தம்பியின் லைனில் குரல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். போன ஞாயிற்றுக்கிழமை அவனை இரண்டு முறை வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர், உங்கள் நெடுநாள் வாசகி