இட்டேரியும் தார்ச்சாலையும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் வரைபடங்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள நிறுவனங்கள் போட்டி போடுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2012இல் ஆப்பிள், ஐபோனிலிருந்து கூகுள் வரைபடத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தது. அதில் பிழை மலிந்ததால் அந்நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக்கே மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டே, வழிகாட்டும் செயலி நடத்திய வேஸ் நிறுவனத்தைக் கூகுள் வாங்கிக்கொண்டது. 2024 ஜூலையில் வாடகைக் கார் நிறுவனமான ஓலா சொந்த வரைபடத்துக்கு மாறியது. அதே மாதம், இந்திய நிறுவனங்களிடம் வாங்கும் வரைபடக் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகக் கூகுள் அறிவித்தது. கட்டணம் குறைந்தது சரி, எங்கள் ஊர்த் தடம் சரியானதா?

காங்கயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். சென்ற ஐப்பசியில் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) ஏற்றிய மினி லாரி பொழுது சாயக் கிளம்பியது. தார்ச்சாலையிலேயே போகச் சொல்லித்தான் அனுப்பினேன். வெளியூர் ஓட்டுநர்; நான்கு கிலோமீட்டர் மிச்சமாகும் என்று போன் காட்டியதை நம்பி இட்டேரிக்குள் திருப்பிவிட்டார். இட்டேரி என்பது இரண்டு கொறங்காட்டு (மேய்ச்சல் நில) வேலிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போகிற தடம். பாதியில் வண்டி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இருபுறமும் கிளுவை முள் தார்ப்பாயைக் கிழித்துவிட்டது. அன்றிரவு மழை. விடிந்து டிராக்டர் வைத்து இழுத்தபோது மேல்மூட்டைகள் ஊறிப்போயிருந்தன. இரண்டே நாளில் பூசணம் பிடித்துவிட்டது.

ஓட்டுநரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. திரையில் இட்டேரியும் ஒரு கோடு, தார்ச்சாலையும் ஒரு கோடு. அவர் என்ன செய்வார்?

எந்தத் தடத்தில் எந்த வண்டி நுழையும் என்பது ஊராட்சி ஒன்றியத்துக்கும் நீர்வளத்துறைக்கும் தெரியும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் வரைபடத் தரவுகளை மத்திய அரசு 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நம் மாநில அரசும் ஒன்றியச் சாலைகள், வாய்க்கால் கரைகள், இட்டேரிகள் ஆகியவற்றின் அகலத்தையும் தாங்கும் பாரத்தையும் அப்படியே வெளியிட வேண்டும். எந்த நிறுவனம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையின் அகலத்தைப் பதிய இன்றைக்கே வசதி உண்டு. எங்கள் இட்டேரிகளை அதில் ஏற்ற ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் கேட்டிருக்கிறேன்.

அதுவரை, தடத்தின் முகப்பில் ‘லாரி நுழையாது’ என்று நானே ஒரு பலகை நட்டிருக்கிறேன். இரவில் அது தெரிவதில்லை. ஒளிரும் பலகை வைக்கக் கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
களத்துக்காரர் ஒருவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.