பிஸ்கட்டில் குழம்பு ஊற்றலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பேக்கரிப் பண்டங்களின் ஆங்கிலப் பெயர்களை விளக்கிய கட்டுரையைப் படித்தேன். "பிரிட்டனில் பிஸ்கட், அமெரிக்காவில் குக்கி, இரண்டும் ஒன்றே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இது பாதி உண்மை. விட்டுப்போன பாதியில்தான் சிக்கல் இருக்கிறது.

அமெரிக்காவிலும் பிஸ்கட் என்ற சொல் வழக்கில் இருக்கிறது. ஆனால் அது குறிப்பது வேறொன்றை. மைதா, கொழுப்பு, மோர், பேக்கிங் பவுடர் ஆகியவற்றைச் சேர்த்துச் சுடும், உள்ளே மெத்தென்று இருக்கும் சிறு ரொட்டி அது. பெரும்பாலும் இனிப்பு இருக்காது. தென் மாநிலங்களில் அதன்மேல் பாலும் மாவும் சேர்த்த இறைச்சிக் குழம்பை ஊற்றிக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். ஓர் அமெரிக்கக் கதையைத் தமிழாக்குபவர் "பிஸ்கட்டில் குழம்பை ஊற்றினாள்" என்று எழுதினால், படிப்பவர் அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைப்பார். இதற்கு நெருங்கிய பிரிட்டிஷ் பண்டம் ஸ்கோன். ஆனால் அதில் சிறிது சர்க்கரையும், சில வேளைகளில் முட்டையும் உலர் திராட்சையும் சேரும். உறவு உண்டு என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது.

பிஸ்கட்டின் வேர் 'இருமுறை சுட்டது' என்று பொருள்படும் லத்தீன். ஈரம் வற்றச் சுட்ட கப்பல் பிஸ்கட் மாதக்கணக்கில் கெடாது. கடித்தால் பல்தான் கெடும். குக்கியோ 'சின்ன கேக்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லின் வழி வந்தது. பிரிட்டனிலும் குக்கி விற்கிறார்கள். அங்கே அந்தப் பெயர் சாக்லேட் துண்டுகள் பதித்த, நடுவில் சற்று மென்மையான பெரிய வகைக்கு. அதாவது அங்கே குக்கியைப் பிஸ்கட் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாப் பிஸ்கட்டும் குக்கி ஆகிவிடாது.

"பிஸ்கட் மொறுமொறுப்பானது, கேக் மென்மையானது" என்ற விளக்கமும் போதாது. இந்தக் கேள்வி பிரிட்டனில் வரித் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அந்த நாட்டின் வாட் வரி விதிப்படி கேக்குக்கு வரி கிடையாது, சாதாரண பிஸ்கட்டுக்கும் கிடையாது, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு மட்டும் உண்டு. ஜாஃபா கேக் பிஸ்கட் அளவில் இருக்கும்; கடைகளில் பிஸ்கட்டுகளோடுதான் அடுக்கி வைத்திருப்பார்கள். அடியில் ஸ்பாஞ்ச், நடுவில் ஆரஞ்சு ஜெல்லி, மேலே சாக்லேட். வரித்துறை அதைப் பிஸ்கட் என்றது. தயாரிப்பாளரான மெக்விட்டீஸ் கேக் என்றது. 1991இல் தீர்ப்பாயம் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்கவில்லை; மாவின் சேர்மானம், அளவு, விற்கும் விதம், உண்ணும் விதம் எல்லாவற்றையும் எடைபோட்டது. எனக்கு மிகவும் பிடித்தது பழசானால் என்ன ஆகும் என்று பார்த்ததுதான். பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு என்பதால் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துப்போகும். கேக் தன் ஈரத்தை இழந்து இறுகும். ஜாஃபா கேக் இறுகியது. கேக் என்றே தீர்ப்பும் வந்தது. எந்த அகராதியும் இவ்வளவு தெளிவான சோதனையைச் சொல்லித் தருவதில்லை.

"ஐசிங் இல்லாத கப் கேக்கே மஃபின்" என்பதையும் ஏற்க முடியாது. கப் கேக்குக்கு வழக்கமாக வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் நுரைக்க அடித்துக் காற்றேற்றுவார்கள். மஃபினுக்கு உலர்ந்த பொருள்களைத் தனியாகவும் நீர்மப் பொருள்களைத் தனியாகவும் கலந்து, பிறகு ஒன்றுசேர்த்து நாலைந்து முறை கிளறுவதோடு சரி. மாவில் கட்டி தெரிந்தாலும் விட்டுவிட வேண்டும். அதிகம் கலக்கினால் ரப்பராகிவிடும். இங்கிலீஷ் மஃபின் இந்த இரண்டிலும் சேராது. அது ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவைத் தட்டையாக்கி, சூடான கல்லில் இருபுறமும் சுடும் ரொட்டி.

மக்கரூனும் மக்கரோனும் கட்டுரை முழுவதும் இடம் மாறிக் கிடக்கின்றன. முன்னது பொதுவாகத் தேங்காய்த் துருவலும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த உருண்டை. பின்னது பாதாம் மாவில் செய்த இரண்டு வில்லைகளுக்கு நடுவே கிரீம் வைத்தது. இதை அச்சுப் பிழை என்று மன்னித்துவிடலாம்.

அடுத்த பகுதி புடிங் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். கட்டுரையாளர் அதை ஓர் இனிப்பு என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். பிரிட்டனில் உணவுக்குப் பின் வரும் எந்த இனிப்பையும் அப்படிச் சொல்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் யார்க்‌ஷயர் புடிங்கை வறுத்த மாட்டிறைச்சியோடு பரிமாறுகிறார்கள். பிளாக் புடிங் செய்வதோ பன்றி இரத்தத்தில்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி