உறையையும் கடிதத்தையும் பிரிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்முனையிலிருந்து வீரர்கள் எழுதிய பழைய கடிதங்களின் மதிப்பைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, உறைகளுக்கும் அவற்றின் மேலுள்ள முத்திரைகளுக்கும் கிடைக்கும் விலையை விரிவாகச் சொல்லியிருந்தது. அதைப் படித்துவிட்டு எவரேனும் உறையை மட்டும் தனியே விற்றுவிடுவார்களோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் பல நாடுகள் தம் வீரர்களின் கடிதங்களுக்குக் கட்டணம் வாங்கவில்லை என்பதால், இத்தகைய உறைகள் பலவற்றில் தபால்தலையே இருக்காது. போர்முனையில் படையினருக்காக இயங்கிய கள அஞ்சலகத்தின் முத்திரையும், கடிதத்தை அதிகாரிகள் சரிபார்த்ததைக் காட்டும் தணிக்கை முத்திரையும்தான் இருக்கும். தாம் இருக்கும் இடத்தைக் கடிதத்தில் எழுத வீரர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லாததால், அந்தக் கள அஞ்சலகத்தின் எண்ணைக் கொண்டுதான் கடிதம் எழுதியவர் அப்போது எங்கே இருந்தார் என்பதைப் பெரும்பாலும் கண்டறிய முடிகிறது. உறை போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். இரண்டாம் உலகப் போரில் சோவியத் வீரர்கள் உறையில்லாமல் தாளையே முக்கோணமாக மடித்து, அதன்மேல் முகவரி எழுதி அனுப்பினார்கள். அங்கே பிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது ஒரு நிம்மதி.

புகழ்பெற்ற போர் ஒன்றின் பெயர் வந்தாலோ, இறப்பதற்கு முன் எழுதிய கடைசிக் கடிதம் என்றாலோ ஏலத்தில் விலை ஏறுகிறது; நலம் விசாரித்து, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்கும் கடிதங்களைச் சீந்துவார் இல்லை. இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே வீரரின் கடிதங்களைத் தேதி வரிசையில் படித்தால்தான், அவர் எதைப் பற்றி எழுதுவதை நிறுத்திக்கொண்டார் என்பது தெரியவரும். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்திய வீரர்களின் கடிதங்களிலிருந்து தணிக்கையாளர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இந்தியப் படையினரைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் அவ்வீரர்கள் மறைமொழியில் எழுதியதை அவற்றிலிருந்தே அறிகிறோம். மூலக் கடிதங்களோ மிக அரிது. அப்படியிருக்க, வரிசை குலையாமல் கிடைக்கும் ஒரு கடிதக் கட்டைப் பிரித்து நாலு பேருக்கு விற்பது எவ்வளவு பெரிய இழப்பு!

1942இல் அமெரிக்கா தொடங்கிய வி-மெயில் முறையில், கடிதத்தைப் படச்சுருளில் பதிவுசெய்து அனுப்பி, சேர்ந்த இடத்தில் சிறிய அச்சாக எடுத்துக் கொடுத்தார்கள். குடும்பத்தின் கைக்கு வந்தது அந்த அச்சுதான். ஆகவே நகல்தானே என்று அதை ஒதுக்கலாகாது.

அக்கால வீரர்கள் பலரும் பயன்படுத்திய, ரப்பரால் அழிக்க முடியாத அழியாப் பென்சிலின் எழுத்து, ஈரம் பட்டால் ஊதா நிறமாகக் கசிந்து பரவும். ஆதலால் தபால்தலையைக் கழற்ற ஆவி காட்டவே கூடாது. மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டக் கூடாது. அதன் பசை நாளடைவில் பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிடும்.

விலை கேட்டு எவரிடமும் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு கடிதத்தையும் அதன் உறையோடு சேர்த்து இருபுறமும் படம் எடுத்து, எழுதியவர் யார், பெற்றவர் யார், கட்டு யாரிடமிருந்து வந்தது என்பதைத் தனித்தாளில் குறித்து வைக்குமாறு தங்கள் இதழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். விற்பதா, காப்பகத்துக்குக் கொடுப்பதா என்பதை அதன் பிறகு குடும்பத்தார் முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்