முப்பது கட்டங்களும் சேர்ந்துவிட்டன: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

மகளின் பிரசவத்துக்குள், துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை ஒன்றை முடிக்க வேண்டும் என்று மும்பை மாட்டுங்கா வீட்டில் நான் பட்ட பாட்டை நேரில் பார்த்து, ஆளுக்கொரு வழி சொல்லிக் கைகொடுத்த உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன்.

முக்கோணத் துண்டுகளைக் காற்றாடி வடிவில் இணைத்து முதலில் தைத்த எட்டுச் சதுரக் கட்டங்களில் ஒன்றுகூட 12½ அங்குலத்தில் நிற்கவில்லை. ஒன்று 12¾ இருந்தது. இன்னொன்றின் ஓரம் அப்பளம்போல் அலையடித்தது. அளந்து வெட்டிய துணி எப்படி வளரும் என்று புரியாமல், அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு தாராவி 90 அடிச் சாலையில் உள்ள தையற்கடைக்கு வந்தேன். அண்ணாச்சி, அன்று நீங்கள் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு என் முக்கோணத் துண்டு ஒன்றை வாங்கி, அதன் நேர் ஓரத்தை இரு கட்டைவிரல்களுக்கிடையே இழுத்தீர்கள், அது அசையவில்லை. சாய்ந்த ஓரத்தை இழுத்தீர்கள். அது நீண்டது, விட்ட பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. "ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பட்டி எதுக்கு வைக்கிறோம்? வளைவுக்கு வளைஞ்சு கொடுக்கணும்னுதானே. அதே கிராஸை இங்க வெட்டிவச்சிட்டு, வளையாம இருன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டீர்கள். நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் தாங்கிப் பிடிக்காத மூலைவாட்டில், அதாவது கிராஸில்தான் துணி மிகவும் இளகும் என்பது, இத்தனை ஆண்டுகள் ரவிக்கை தைக்கக் கொடுத்தும், அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் நீங்கள் காட்டிய முறையில்தான் மீதி வேலை முழுவதும் நடந்தது. முக்கோணமாக வெட்டிவிட்டு இணைக்காமல், 7 அங்குலச் சதுரங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகே கோட்டில் வெட்டினேன். கிராஸ் ஓரம் வெளியே வரும்போதே தையலுக்குள் அடங்கிவிடுகிறது. விரித்தால் வரும் சதுரத்தை 6½ அங்குலத்துக்குச் சீர்செய்தால், அப்படி நான்கு சதுரங்கள் சேர்ந்து சரியாக 12½ வருகிறது.

துணி இளகாமல் விறைப்பாக நிற்கக் கஞ்சி போடச் சொல்லித்தந்த எதிர்வீட்டு மாமிக்கு என் வணக்கம். வெட்டிய துண்டுக்குக் கஞ்சி போட்டால் ஈரத்திலேயே கோணிக்கொள்ளும், வெட்டுவதற்கு முன்பே முழுத் துணியையும் அலசிச் சுருங்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டிய நீர்க்கஞ்சியில் முக்கி எடுக்க வேண்டும் என்று அடுப்படியில் நின்று செய்தே காட்டினீர்கள். மும்பை மழையில் துணி காயாமல் வாடை பிடித்துவிடுமே என்று நான் கவலைப்பட்டபோது, உங்கள் கூடத்து மின்விசிறியின் கீழே கொடி கட்டியும் கொடுத்தீர்கள். கஞ்சி வாசனைக்குப் பூச்சி வரும் என்று நீங்கள் எச்சரித்தபடியே, தைத்து முடித்ததும் போர்வையை அலசிவிட்டேன்.

தெருமுனை இஸ்திரிக்கார பையாவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பெட்டியைத் துணிமேல் ஓட்டாமல், வைத்து அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வைக்கவும், நீராவியைப் பயன்படுத்தாமல் இருக்கவும் அவர்தான் பழக்கினார். மிஷினின் பாதம் துணியை அழுத்தும் அழுத்தத்தைக் குறைத்துத் தந்த மெக்கானிக் தம்பிக்கும், கோதடி என்னும் மராத்தி ஒட்டுப்போர்வையைத் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு வந்து, ஊசிக்குப் பின்னால் துணியைப் பிடித்திழுத்த என் இடக்கையை எடுத்துவிட்ட மராத்தி அக்காவுக்கும் நன்றி.

ஐந்துக்கு ஆறாக முப்பது கட்டங்களும் மூலை தப்பாமல் சேர்ந்துவிட்டன. நீண்டுபோன எட்டையும் வீணாக்கவில்லை. நாற்புறமும் சமமாக நறுக்கி 11½ ஆக்கிக் குழந்தைக்குச் சிறு விரிப்பாகத் தைத்துவிட்டேன். மகளுக்கு அனுப்புமுன் இரண்டையும் வரும் வெள்ளிக்கிழமை கடைக்கு எடுத்து வருகிறேன், அண்ணாச்சி; டேப்பை எடுத்து நீங்களே ஒருமுறை அளந்து பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
மாட்டுங்காவிலிருந்து உங்கள் சகோதரி