நடுச்சாமத்து வலிக்கு யாரைக் கூப்பிடுவது?

ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற தாதி. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் மார்புப் புற்றுநோயோடு படுத்திருந்த ஓர் அம்மாவை, போன மாரியில் வாரம் இரண்டு தரம் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன். கிரவல் வீதி, மழையென்றால் சேறு. பொழுதுபடமுன் திரும்பிவிட வேண்டும், இருட்டினால் யானை.

அவரின் புண் மணந்தது. பேரப்பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லிக் குளிசையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, புண்ணில் தூவிக் கட்டினேன். சில நாளில் மணம் குறைந்தது. சின்னவள் வந்து அம்மம்மாவின் காலடியில் படுத்தாள்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின்தான் பெரிய சண்டை. "அது சாகப்போற ஆக்களுக்குக் குடுக்கிறதெல்லோ மிஸ்" என்றார் மகன். அளவாக, நேரத்துக்குக் கொடுத்தால் உயிரைப் பறிக்காது, கூடவே மலமிளக்கி வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சரி என்றார். அப்புறம் குளிசை முடிந்தது. புது மருந்துத் துண்டு எழுத வைத்தியரிடம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. நடுச்சாமத்தில் மகன் போன் எடுத்தால் நான் ஆறுதல்தான் சொல்லலாம், அதுவும் சிக்னல் இருந்தால்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ஆண்டுக்கு 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்படி வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு தேவை. தேவைப்படுவோரில் சுமார் 14 வீதத்தினருக்கே கிடைக்கிறது. கேரளாவில் ஊர்த் தொண்டர்களும் தாதியரும் சேர்ந்து வீடுவீடாகப் போகிறார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்னது: பிரதேசத்துக்கு ஒரு வாகனம், இரவில் எடுக்க ஒரு வைத்தியரின் இலக்கம்.

ஓய்வுபெற்ற தாதி,
முல்லைத்தீவு மாவட்டம்